தேவைக்கேற்ப ஏறி இறங்கும் சர்வர்கள்

ஓர் இணையச் சேவைக்கு வந்து சேரும் வேலையைத் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ப சர்வர்களின் எண்ணிக்கையை ஆள் தலையீடு இல்லாமல் கூட்டவும் குறைக்கவும் செய்கிற ஏற்பாட்டுக்கு ஆட்டோ ஸ்கேலிங் என்று பெயர். கிளவுட் சேவை தரும் மூன்று பெரிய நிறுவனங்களிடமும் இது உண்டு. அமேசானில் ஆட்டோ ஸ்கேலிங் குரூப், மைக்ரோசாஃப்டின் அஸூரில் விர்ச்சுவல் மெஷின் ஸ்கேல் செட், கூகுளில் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப் என்று பெயர்கள்தான் வேறு. அமைக்கும் முறையும், சறுக்கும் இடங்களும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. திரையில் நான்கைந்து பக்கங்களை நிரப்பினால் அமைப்பு தயாராகிவிடும். அந்தப் பக்கங்களில் எந்த எண்களை நிரப்புவது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை.

இணையத்தில் கூட்டம் ஒரே சீராக வருவதில்லை. ரயில்வேயின் தட்கல் முன்பதிவு, ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அப்போது முண்டியடிக்கும் கூட்டம் அதிகாலை 3 மணிக்கு இருக்காது. பொதுத்தேர்வு முடிவுகளைக் காட்டும் தளத்துக்கு ஆண்டில் சில நாட்களே திருவிழா. உணவு ஆர்டர் செயலிகளுக்கு மதியமும் இரவும்தான் உச்ச நேரம். உச்சக் கூட்டத்தைக் கணக்கில் வைத்து சர்வர் வாங்கினால் மற்ற நேரமெல்லாம் அவை சும்மா கிடக்கும். சராசரியைக் கணக்கில் வைத்து வாங்கினால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் தளம் படுத்துவிடும். சொந்த சர்வர் வைத்திருந்த காலத்தில் இந்த இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

வாடகைக் கணினியின் வரலாறு

ஒரு பெரிய சர்வரை மென்பொருள் மூலம் பல தனித்தனிக் கணினிகளாகப் பிரித்தால் கிடைப்பவையே மெய்நிகர் கணினிகள். அமேசான் 2006 ஆகஸ்டில் ஈசி2 என்ற பெயரில் இவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அதன் வலிமை தெரிந்தது. புகைப்படங்களை வீடியோவாக மாற்றித் தரும் அனிமோட்டோ என்ற நிறுவனம் 2008இல் தன் சேவையை ஃபேஸ்புக்கில் திறந்துவிட்டபோது, மூன்று நாட்களில் அதன் சர்வர்கள் 50லிருந்து 3,500 ஆக உயர்ந்தன. சொந்தமாக வாங்கி அடுக்குவதென்றால் அத்தனை சர்வர்களுக்கும் ஆர்டர் கொடுத்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்திருக்கும்.

2009 மே மாதம் அமேசான் மூன்று வசதிகளை ஒன்றாக வெளியிட்டது: சர்வர்களின் நிலையை அளக்கும் கிளவுட்வாட்ச், வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர், எண்ணிக்கையை மாற்றும் ஆட்டோ ஸ்கேலிங். இவை சேர்ந்து வந்தது தற்செயல் அல்ல. அளக்க முடியாவிட்டால் எப்போது கூட்டுவது என்று தெரியாது. பிரித்தனுப்ப முடியாவிட்டால் கூட்டியும் பயன் இல்லை. இன்றும் எந்த நிறுவனத்தின் அமைப்பை எடுத்தாலும் இந்த மூன்று உறுப்புகளே அதன் எலும்புக்கூடு.

கட்டண முறையும் பின்னால் மாறியது. தொடக்கத்தில் பத்து நிமிடம் ஓடிய கணினிக்கும் ஒரு மணி நேர வாடகை. அதனால் கூட்டம் குறைந்ததும் சர்வரை உடனே நிறுத்துவதில் லாபம் இல்லை. 2017 அக்டோபரில் அமேசான் லினக்ஸ் கணினிகளுக்கு நொடிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. குறைந்தபட்சம் 60 நொடிகளுக்குக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அடிக்கடி ஏற்றி இறக்குவது அதன் பிறகே சிக்கனமானது.

எந்நேரமும் போகத் தயாரான சர்வர்

திறனைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் சர்வரையே பெரியதாக மாற்றுவது ஒன்று. அதற்குப் பொதுவாக அதை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே போன்ற சர்வர்களைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போவது மற்றொன்று. ஆட்டோ ஸ்கேலிங் செய்வது இந்த இரண்டாவது வேலையை.

இதற்கு முதல் நிபந்தனை, எந்த சர்வரும் எந்த நேரத்திலும் அழிக்கப்படலாம், அதனால் ஒரு தகவலும் தொலையக் கூடாது என்பது. ஒரே சர்வரில் ஆண்டுக்கணக்காக ஓடிய மென்பொருளை அப்படியே ஆட்டோ ஸ்கேலிங்கில் போட்டால் நான்கு இடங்களில் அடிவாங்கும்.

பயனர் உள்நுழைந்த விவரம் சர்வரின் நினைவகத்திலேயே இருந்தால், அடுத்த கோரிக்கை வேறு சர்வருக்குப் போகும்போது அவர் வெளியே தள்ளப்படுவார். அந்த விவரத்தை ரெடிஸ் போன்ற பொதுவான சேமிப்பிலோ தரவுத்தளத்திலோ வைக்க வேண்டும். பயனர் பதிவேற்றும் படங்கள் சர்வரின் சொந்த வட்டில் இருந்தால், சர்வர் போகும்போது படங்களும் போகும். அவற்றின் இடம் எஸ்3 போன்ற தனிச் சேமிப்புக் கிடங்கு. பிழைகளைப் பதியும் லாக் கோப்புகளை உடனுக்குடன் வெளியே அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் சர்வர் ஏன் விழுந்தது என்பதற்கான சாட்சியம் அதனோடேயே அழியும். நான்காவது இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. தினமும் இரவு வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வேலை சர்வரிலேயே நேரம் குறித்து வைக்கப்பட்டிருந்தால், ஆறு சர்வர்கள் ஓடும் இரவில் ஒவ்வொருவருக்கும் ஆறு மின்னஞ்சல்கள் போகும். இத்தகைய வேலைகளை இந்தக் குழுவுக்கு வெளியே தனியாக நடத்துவதே முறை.

மூல நகலும் வார்ப்புருவும்

புதிய சர்வர் பிறக்கும்போது அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அமேசானில் இதற்கு லாஞ்ச் டெம்ப்ளேட் என்று பெயர். எந்த அளவு கணினி, எந்த இயங்குதளம், எந்த நெட்வொர்க், எந்தப் பாதுகாப்பு விதிகள், தொடங்கியதும் ஓட வேண்டிய கட்டளைகள் எவை என்பதெல்லாம் அதில் அடங்கும்.

மென்பொருளை உள்ளே வைக்க இரண்டு முறைகள் உள்ளன. வெறும் இயங்குதளத்தோடு தொடங்கி, தேவையானவற்றை அப்போதே இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவது முதல் முறை. தயாரிப்பது எளிது. ஆனால் ஒவ்வொரு சர்வரும் எழுந்து நிற்கப் பல நிமிடங்கள் ஆகும். இறக்கும் இடம் அந்த நேரத்தில் முடங்கியிருந்தால் சர்வர் எழவே எழாது. எல்லாவற்றையும் நிறுவி முடித்த ஒரு கணினியின் முழு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்தே புதியவற்றை உருவாக்குவது இரண்டாவது முறை. மென்பொருளில் சிறு மாற்றம் செய்தாலும் புதிய நகல் எடுக்க வேண்டும் என்பது இதன் சிரமம். பேக்கர் போன்ற கருவிகள் அந்த வேலையைத் தானாகச் செய்துவிடும். கூட்டம் திடீரென்று ஏறும் சேவைகளுக்கு இரண்டாவது முறையே ஏற்றது.

எந்த முறையானாலும் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நகலுக்குள் எழுதி வைக்கக் கூடாது. நகல் கைமாறினால் கடவுச்சொல்லும் கைமாறும். சர்வருக்கு ஓர் அனுமதிப் பங்கை ஒதுக்கி, ரகசியங்களை அது பிறந்த பிறகு தனிப் பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வதே பாதுகாப்பான வழி.

மூன்று எண்கள்

வார்ப்புரு தயாரானதும் குழுவை அமைக்கலாம். குழுவுக்கு மூன்று எண்கள் தேவை: குறைந்தபட்சம் எத்தனை சர்வர்கள், அதிகபட்சம் எத்தனை, இப்போது எத்தனை இருக்க வேண்டும். மூன்றாவது எண்ணைத்தான் ஆட்டோ ஸ்கேலிங் மாற்றிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டும் அது தாண்ட முடியாத எல்லைகள்.

குறைந்தபட்சம் என்பது ஆளே இல்லாத நேரத்திலும் சேவை விழாமல் இருப்பதற்கான எண். ஒன்று போதும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்று பழுதானால் புதியது எழும்வரை தளம் இருக்காது. கிளவுட் நிறுவனங்கள் ஒரே பகுதியில் தனித்தனி மின்சாரம், தனித்தனிக் கட்டடங்களோடு பல மண்டலங்களை வைத்திருக்கின்றன. குறைந்தது இரண்டு மண்டலங்களில் ஆளுக்கொன்றாக இரண்டு சர்வர்கள் என்பதே பொறுப்பான தொடக்கம்.

அதிகபட்ச எண்ணைப் பலர் பணப்பைக்கான பூட்டாக மட்டுமே பார்க்கிறார்கள். அது தரவுத்தளத்துக்கும் பூட்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பு அமைப்பில் 100 இணைப்புகளை ஏற்கும், மைஎஸ்கியூஎல் 151. ஒவ்வொரு சர்வரும் 20 இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டால், போஸ்ட்கிரெஸ் ஐந்து சர்வர்களிலேயே நிரம்பிவிடும். ஆறாவது சர்வர் உதவிக்கு வருவதற்குப் பதிலாகப் பிழைகளைத்தான் உற்பத்தி செய்யும். அதிகபட்சத்தை 30 என்று எழுதும் முன், 30 சர்வர்களின் இணைப்புகளைத் தரவுத்தளம் தாங்குமா என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். தாங்காது என்றால், பல இணைப்புகளைச் சிலவாகச் சுருக்கித் தரும் இடைமென்பொருள் தேவை.

நலம் பார்க்கும் கேள்வி

லோட் பேலன்சர் குழுவின் ஒவ்வொரு சர்வரிடமும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கேட்கும். சரியான பதில் வந்தால் அது நலம். தொடர்ந்து சில முறை வராவிட்டால் அதற்குக் கோரிக்கை அனுப்புவதை நிறுத்திவிடும். இந்த முடிவை ஏற்கும்படி குழுவை அமைத்திருந்தால், அந்த சர்வர் அழிக்கப்பட்டு வேறொன்று பிறக்கும். அமேசானில் இதைத் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். தேர்வு செய்யாவிட்டால் கணினி இயங்குகிறதா என்று மட்டுமே குழு பார்க்கும். மென்பொருள் உறைந்து போயிருந்தாலும் கணினி ஓடிக்கொண்டிருந்தால் அதன் கணக்கில் எல்லாம் நலமே.

இங்கே இரண்டு பிழைகள் வழக்கம். புதிய சர்வர் எழுந்து நிற்க மூன்று நிமிடம் ஆகும்போது ஒரு நிமிடத்திலேயே நலம் பார்க்கத் தொடங்கினால், எழுவதற்கு முன்பே அது அழிக்கப்படும். அடுத்ததும் அப்படியே. பிறப்பதும் அழிவதுமாக ஒரு வட்டம் ஓடும், கட்டணமும் கூடவே ஓடும். இதற்காகவே தொடக்கச் சலுகைக் காலம் என்ற ஒன்று இருக்கிறது. நலம் பார்க்கும் பக்கத்துக்குள் தரவுத்தளத்தையும் சோதிப்பது இரண்டாவது பிழை. தரவுத்தளம் ஒரு நிமிடம் திணறினாலும் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் நலமற்றவை ஆகிவிடும். குழு அத்தனையையும் அழித்துப் புதியவற்றை உருவாக்கும். சிறு தாமதமாக முடிந்திருக்க வேண்டியது முழு முடக்கமாக மாறும். சர்வர் தன் நலத்தை மட்டும் சொன்னால் போதும்.

எதை அளப்பது?

பெரும்பாலானவர்கள் சி.பி.யூ. பயன்பாட்டை அளக்கிறார்கள். கணக்கு அதிகம் போடும் மென்பொருளுக்கு அது பொருத்தம். எந்த அளவீட்டைத் தேர்ந்தாலும் அது ஒரு சோதனையில் தேற வேண்டும்: சர்வர்களைக் கூட்டினால் அந்த எண் குறைய வேண்டும். தளத்துக்கு வரும் மொத்தக் கோரிக்கைகள் இதில் தேறாது. எத்தனை சர்வர் சேர்த்தாலும் அந்த எண் மாறாது. ஒரு சர்வருக்கு வரும் கோரிக்கைகள் தேறும். பதில் தர ஆகும் நேரம் ஆபத்தான அளவீடு. தாமதத்துக்குக் காரணம் தரவுத்தளம் என்றால், சர்வர்களைக் கூட்டக் கூட்டத் தரவுத்தளத்தின் சுமை ஏறித் தாமதம் இன்னும் கூடும்.

நினைவகப் பயன்பாட்டை அமேசான் தானாக அளப்பதில்லை. கணினிக்கு உள்ளே நடப்பது வெளியிலிருந்து தெரியாது என்பதால், அதற்கென ஒரு சிறு மென்பொருளை சர்வருக்குள் நிறுவ வேண்டும்.

விலை குறைந்த கணினி வகைகளில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. அமேசானின் டி2 மைக்ரோ, தன் சி.பி.யூ. திறனில் 10 சதவீதத்தை மட்டுமே நிரந்தரமாகப் பயன்படுத்த முடியும். ஓய்வாக இருக்கும்போது சேரும் கிரெடிட்டைச் செலவழித்துத்தான் அதற்கு மேல் போகலாம். கிரெடிட் தீர்ந்ததும் வேகம் 10 சதவீதத்தில் கட்டிப்போடப்படும். சி.பி.யூ. 60 சதவீதத்தைத் தாண்டினால் கூட்டு என்று விதி எழுதியிருந்தால், அந்த எண் இனி 10ஐத் தாண்டவே தாண்டாது. தளம் திணறிக்கொண்டிருக்கும், அளவீட்டைப் பார்க்கும் ஆட்டோ ஸ்கேலிங்கோ வேலையே இல்லை என்று நினைத்து இருக்கும் சர்வர்களையும் குறைக்கும்.

வரிசையில் நின்று செய்யப்படும் வேலைகளுக்கு, உதாரணமாக வீடியோக்களைச் சுருக்கும் வேலைக்கு, சி.பி.யூ. உதவாது. ஒரே ஒரு வீடியோவைச் சுருக்கும்போதும் சி.பி.யூ. முழுதாக ஓடும். அங்கே வரிசையின் நீளத்தைத்தான் அளக்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு 20 நொடி ஆகும், பயனர் 5 நிமிடம் வரை காத்திருப்பார் என்றால், ஒரு சர்வருக்கு 15 வீடியோக்கள் வரை வரிசையில் நிற்கலாம். வரிசையில் 180 இருந்தால் 12 சர்வர்கள் தேவை.

நான்கு வகை விதிகள்

எளிமையானதும் முதலில் முயல வேண்டியதும் இலக்கு வைக்கும் விதி. சராசரி சி.பி.யூ. 50 சதவீதத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். 4 சர்வர்கள் 75 சதவீதத்தில் ஓடினால் மொத்தச் சுமை 300. அதை 50ஆல் வகுத்தால் 6 சர்வர்கள். கணக்கை அமைப்பே போட்டுக்கொள்ளும். கூட்டுவதில் அது அவசரம் காட்டும், குறைப்பதில் நிதானிக்கும். அமேசானில் நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் எண் மூன்று முறை தொடர்ந்து இலக்கைத் தாண்டினால் சர்வர் கூடும். குறைப்பதற்கோ பதினைந்து முறை தொடர்ந்து தாழ்ந்திருக்க வேண்டும். கூகுளில் குறைக்கும் முன் கடந்த 10 நிமிடத்தின் உச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

படிப்படியாகக் கூட்டும் விதி இரண்டாவது. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஒன்று, 75ஐத் தாண்டினால் மூன்று, 90ஐத் தாண்டினால் ஆறு என்று அட்டவணை எழுதலாம். கூட்டும் எல்லையையும் குறைக்கும் எல்லையையும் இங்கே மனிதரே எழுதுவதால், இரண்டையும் நெருக்கமாக வைத்துவிடும் தவறு நேர்கிறது. 70க்கு மேல் போனால் கூட்டு, 60க்குக் கீழ் வந்தால் குறை என்று எழுதியதாகக் கொள்ளலாம். மூன்று சர்வர்கள் 58 சதவீதத்தில் ஓடுகின்றன. மொத்தச் சுமை 174. ஒன்றைக் குறைத்ததும் மீதி இரண்டும் 87 சதவீதத்துக்கு ஏறும். உடனே ஒன்று கூடும், மறுபடி 58. இந்த ஊசலாட்டம் நிற்காது. குறைத்த பிறகு சுமை எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்ட பிறகே குறைக்கும் எல்லையை எழுத வேண்டும். இந்த உதாரணத்தில் 40 என்று வைத்திருந்தால் ஊசலாட்டம் இருக்காது.

நேரம் குறித்துக் கூட்டுவது மூன்றாவது. கூட்டம் 10 மணிக்கு வரும் என்று தெரிந்தால், 9.45க்கே குறைந்தபட்ச எண்ணை உயர்த்திவிட்டு 11.30க்கு இறக்கலாம். சாதாரணமாகத் தோன்றும் இந்த விதி, தேர்வு முடிவு, டிக்கெட் விற்பனை, பண்டிகைத் தள்ளுபடி போன்றவற்றுக்கு மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமானது.

நான்காவது, பழைய போக்கைப் படித்து முன்கூட்டியே கணிப்பது. நெட்ஃப்ளிக்ஸ் 2013இல் ஸ்கிரையர் என்ற பெயரில் இத்தகைய அமைப்பைத் தானே உருவாக்கியது பற்றி வெளியிட்டது. பின்னர் கிளவுட் நிறுவனங்களே இதைத் தரத் தொடங்கின. அமேசானின் கணிப்பு 14 நாள் வரையிலான பதிவுகளைப் படித்து அடுத்த 48 மணி நேரத்தைச் சொல்கிறது. தினமும் ஒரே மாதிரி ஏறி இறங்கும் சேவைக்கு இது ஏற்றது. இதுவரை நடக்காத ஒன்றை இதனால் கணிக்க முடியாது.

தாமதத்தின் கணக்கு

ஆட்டோ ஸ்கேலிங் எப்போதும் தாமதமாகவே வரும். அளவீடு மூன்று நிமிடம் தொடர்ந்து உயர்ந்திருக்க வேண்டும். கணினி எழ ஒரு நிமிடமாவது ஆகும். மென்பொருள் தயாராகவும் லோட் பேலன்சரின் நலச் சோதனையில் தேறவும் இன்னும் ஓரிரு நிமிடங்கள். மொத்தம் ஆறு நிமிடம் என்று கொள்ளலாம். அமேசானின் கட்டணமில்லாத அடிப்படை அளவீடு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதை நம்பினால் இந்தத் தாமதம் இன்னும் நீளும். பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு உலை வைக்கும் கதை இது.

இலக்கு எண்ணைத் தீர்மானிப்பது இந்தத் தாமதமே. கூட்டம் நிமிடத்துக்கு 10 சதவீதம் ஏறுகிறது என்றால் ஆறு நிமிடத்தில் அது சுமார் 1.77 மடங்காகும். இருக்கும் சர்வர்கள் அதுவரை தாங்க வேண்டுமானால், தொடக்கத்தில் அவற்றின் பயன்பாடு 56 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கூகுள் தன் இயல்பு இலக்கை 60 சதவீதத்தில் வைத்திருப்பதையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். 80 சதவீத இலக்கு சிக்கனமாகத் தெரியும். ஆனால் அது மெதுவாக ஏறும் கூட்டத்துக்கு மட்டுமே பொருந்தும்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதை 2019 ஜூலை 10 அன்று ஹாட்ஸ்டார் காட்டியது. மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய ஆட்டத்தை ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் வரை அதில் பார்த்தார்கள். விக்கெட் விழுவதையும் சிக்ஸர் பறப்பதையும் பொறுத்து நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் ஏறி இறங்கும் கூட்டத்துக்கு வழக்கமான ஆட்டோ ஸ்கேலிங் ஈடுகொடுக்காது என்பதால், பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து முன்கூட்டியே சர்வர்களை ஏற்றும் சொந்த ஏற்பாட்டை அதன் பொறியாளர்கள் வைத்திருந்தார்கள். தோனி ஆட்டமிழந்ததும் கூட்டம் சரிந்தது. ஆனால் வெளியேறியவர்கள் பின்செல்லும் பொத்தானை அழுத்தியதால் முகப்புப் பக்கத்துக்கான கோரிக்கைகள் எகிறின. வீடியோ பார்ப்பவர்கள் குறையும் அதே நொடியில் வேறொரு சேவைக்குச் சுமை கூடும். ஒரே அளவீட்டை வைத்து எல்லா சர்வர்களையும் சேர்த்துக் குறைத்தால் அங்கே தளம் விழும்.

குறைக்கும்போது கவனம்

சர்வரைக் கூட்டுவதில் நேரும் தவறு தாமதமாகத் தெரியும். குறைப்பதில் நேரும் தவறு அப்போதே பயனரின் வேலையைக் கெடுக்கும். பணம் செலுத்திக்கொண்டிருக்கும் ஒருவரின் கோரிக்கை பாதியில் இருக்கும்போது சர்வரை அழித்துவிடக் கூடாது. இதற்காக லோட் பேலன்சர் புதிய கோரிக்கைகளை நிறுத்திவிட்டு, நடப்பவை முடியக் காத்திருக்கும். அமேசானில் இயல்பாக 300 நொடிகள். கோரிக்கைகள் இரண்டு நொடியில் முடியும் தளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பெரிய கோப்பைப் பதிவேற்றும் தளத்துக்கு அது போதாமலும் போகலாம். நீண்ட வேலைகளைச் செய்யும் சர்வர்களுக்கு, அழிப்பதற்கு முன் நிறுத்திவைத்துக் கடைசி வேலைகளை முடிக்கவிடும் வசதியும், வேலை முடியும்வரை குறைப்பிலிருந்து பாதுகாக்கும் வசதியும் உண்டு.

செலவு

அமேசானில் ஆட்டோ ஸ்கேலிங் வசதிக்கென்று தனிக் கட்டணம் இல்லை. கணினிக்கும் வட்டுக்கும் லோட் பேலன்சருக்கும் அளவீட்டுக்கும்தான் கட்டணம். லாபத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். உச்சத்துக்கு 10 சர்வர் தேவைப்படும் சேவை அவற்றை நாள் முழுதும் ஓட்டினால் 240 சர்வர்-மணி நேரம். 16 மணி நேரம் 3 சர்வர், 5 மணி நேரம் 6, 3 மணி நேரம் 10 என்று ஏற்றி இறக்கினால் 108 மட்டுமே, பாதிக்கும் குறைவு.

அந்த 3 சர்வர்கள் எப்போதும் ஓடுபவை என்பதால், ஓராண்டு அல்லது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அவற்றைக் குறைந்த விலையில் எடுக்கலாம். உச்ச நேரத்துக்குக் கூடுபவற்றில் ஒரு பகுதியை ஸ்பாட் எனப்படும் உபரிக் கணினிகளாக எடுத்தால் 90 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். ஆனால் நிறுவனம் அவற்றை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும். அமேசான் இரண்டு நிமிடமும் கூகுளும் அஸூரும் 30 நொடியும் மட்டுமே முன்னறிவிப்புத் தருகின்றன. எந்நேரமும் போகத் தயாராக வடிவமைத்த சர்வர்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கைகள். வருவது வாடிக்கையாளரா, தளத்தை முடக்க வந்த தானியங்கி நிரல்களா என்று ஆட்டோ ஸ்கேலிங் பார்ப்பதில்லை. தாக்குதலுக்கும் அது பணிவோடு சர்வர் திறந்து கொடுக்கும். அதிகபட்ச எண், கோரிக்கைக் கட்டுப்பாடு, செலவு எல்லை தாண்டினால் வரும் எச்சரிக்கை ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். மேலும், ஒவ்வொரு கணக்குக்கும் எத்தனை சி.பி.யூ. வரை எடுக்கலாம் என்று நிறுவனம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். குழுவில் 50 என்று எழுதி, கணக்கின் வரம்பு 16 சர்வருக்கே போதும் என்றால், பதினேழாவது சர்வர் வராது. வரம்பை உயர்த்தக் கேட்டுப் பெறச் சில நாட்கள் ஆகலாம் என்பதால் பெரிய நாளுக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.

சோதித்த பிறகே நம்பிக்கை

அமைத்து முடித்த குழுவை ஜேமீட்டர், கே6, லோகஸ்ட் போன்ற இலவசக் கருவிகளால் செயற்கைக் கூட்டத்தை அனுப்பிச் சோதிக்கலாம். முதல் புதிய சர்வர் கோரிக்கைகளை ஏற்க எத்தனை நிமிடம் ஆகிறது, எந்த எண்ணிக்கையில் தரவுத்தளம் திணறுகிறது, கூட்டம் நின்ற பிறகு சர்வர்கள் ஒழுங்காகக் குறைகின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஒன்றை வேண்டுமென்றே அழித்துப் பார்ப்பதும் அவசியம். பயனருக்குத் தெரியாமல் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்தால் அமைப்பு சரி.

நாள் முழுதும் ஒரே அளவு கூட்டம் வரும் சிறிய தளத்துக்கு ஏற்றி இறக்கும் விதிகள் தேவையில்லை. குறைந்தபட்சத்தையும் அதிகபட்சத்தையும் 2 என்று வைத்தாலே, பழுதான சர்வரைத் தானாக மாற்றும் காவல் கிடைக்கும். கூட்டம் ஏறி இறங்கும் தளங்கள் இலக்கு வைக்கும் ஒரு விதியோடு தொடங்கி, தெரிந்த உச்ச நேரங்களுக்கு நேரம் குறித்த விதியைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். எண்களை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடக் கூடாது. மென்பொருள் மாறினால் ஒரு சர்வர் தாங்கும் அளவும் மாறும். ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும், ஒவ்வொரு பண்டிகைக் காலத்துக்கு முன்பும் சோதனையை மறுபடி நடத்தி எண்களைத் திருத்த வேண்டும்.